பூட்டு அதே பூட்டுத்தான்

"அண்ணா, ஒண்டு கேக்கட்டா? முதல் மாசம் இந்தக் கதவைத் திறக்க எனக்குப் பத்து விழவேண்டி இருந்தது. இண்டைக்கும் பத்துத்தான் விழவேணும் எண்டுறீங்கள். அப்ப ஒன்றரை வருஷமா நான் என்ன பழகினனான்?"

2023 கடைசியில் ஒரு ஞாயிறு பின்னேரம், வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு தங்கச்சி என்னைக் கேட்டது இது. அந்த நேரம் பார்த்து ரயில் போனது. அந்த ஒழுங்கைகளில் ரயில் போகும்போது யாரும் கதைப்பதில்லை, சத்தம் அடங்கும்வரை எல்லோரும் அப்படியே இருப்போம், அதனால் யோசிக்க எனக்கு அரை நிமிஷம் கிடைத்தது. யோசித்தும் பதில் வரவில்லை. "பூட்டை மாத்திப்போட்டாங்கள்" என்று ஒரு சாட்டுச் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுப் பகடையை உருட்டினாள், ஆனால் அவள் முகம் எனக்கு அன்று முழுக்க நினைவில் நின்றது.

நாங்கள் ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு. இது தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொன்னால், ஒருவர் கதையை நடத்துவார், எங்கள் மேசையில் அது நான், மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். தோற்கவும் வாய்ப்புள்ள ஒரு காரியத்தைச் செய்யப்போனால் இருபது முகப் பகடையை உருட்டி, விழுந்த எண்ணோடு பாத்திரத்தின் திறமை எண்ணைக் கூட்டவேண்டும். அந்தக் காரியத்துக்கென்று வைத்த கடின எண்ணைத் தொட்டால் வெற்றி. அந்தக் கடின எண்ணுக்கு டிசி என்று பெயர். விதிப்புத்தகத்தில் 5 மிக லேசு, 10 லேசு, 15 நடுத்தரம், 20 கஷ்டம், 25 மிகக் கஷ்டம், 30 கிட்டத்தட்ட முடியாது என்று ஒரு பட்டியல் இருக்கிறது.

இப்போது அந்தக் கதவின் கணக்கைப் பாருங்கள். அவளுடைய பாத்திரம் ஒரு திருடி. முதல் லெவலில் கைவேகத்துக்கு 3, பயிற்சிக்கு 2, ஆக 5. துறைமுகத்தில் சுங்கக் கிட்டங்கியின் பூட்டுக்கு நான் 15 வைத்திருந்தேன், பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் திறக்கும், அது 55 சதவீதம். ஒன்பதாம் லெவலில் கைவேகம் 5, பயிற்சி 4, ஆக 9. அதே பூட்டு என்றால் ஆறு விழுந்தால் போதும், 75 சதவீதம். ஆனால் நான் என்ன செய்தேன்? "ஒன்பதாம் லெவல் ஆட்களுக்கு 15 லேசாகப் போய்விடுமே" என்று நினைத்து 19 ஆக்கினேன். 19இல் 9 போனால் திரும்பவும் பத்து. ஒன்றரை வருஷத்தில் அவள் சேர்த்த நாலையும் ஒரே வரியில் பறித்துவிட்டேன். யாருக்கும் விளங்காது என்று நினைத்திருந்தேன், அவளுக்கு முதல் உருட்டலிலேயே விளங்கிவிட்டது.

இந்த வியாதிக்கு நீண்ட வரலாறு உண்டு. 2008இல் வந்த நாலாம் பதிப்பில் பாத்திரத்தின் லெவலில் பாதி எல்லாவற்றோடும் கூடும், கூடவே நடத்துபவருக்கு லெவல் வாரியாக ஏறும் டிசி அட்டவணையும் உண்டு. இரண்டும் சேர்ந்தே ஏறுவதால் கூட்டிக் கழித்தால் அதே இடம். மரைன் டிரைவில் ஓடினால் பம்பலப்பிட்டியாவது வரும், டிரெட்மில்லில் ஓடினால் வேர்வை மட்டும்தான் வரும். கொம்பியூட்டர் கேமிலும் இதே கதைதான். 2006இல் வந்த ஒப்லிவியன் ஆடியவர்களுக்கு அந்த வழிப்பறிக்காரர்களை நினைவிருக்கும். நாங்கள் லெவல் ஏற ஏற, வழியில் நின்று காசு கேட்கும் கள்ளன்கூட விலை உயர்ந்த கண்ணாடிக் கவசம் போட்டுக்கொண்டு வருவான். இவ்வளவு கவசம் வைத்திருப்பவன் ஏன் நூறு காசுக்கு வழி மறிக்கிறான் என்று ஒருமுறை யோசித்துவிட்டால், அதோடு அந்த உலகம் உடைந்துபோகும்.

இதை எனக்கு உறைக்கச் செய்தது எந்த விதிப்புத்தகமும் இல்லை, 100ஆம் இலக்க பஸ். நான் மட்டக்களப்பில் இருந்து கொழும்புக்கு வந்த முதல் கிழமை, எனக்குத் தெரிந்த சிங்களம் மொத்தம் பத்துச் சொல் இருக்கும். கொள்ளுப்பிட்டியில் ஏறியதில் இருந்து "வெள்ளவத்தை பஹினவா" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே வருவேன், இடம் வந்ததும் குரல் எழும்பாது, அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி நடப்பேன். இன்றைக்கு அந்த வசனம் ஃபோனைப் பார்த்துக்கொண்டே வாயில் வருகிறது. நான் பழகிவிட்டேன் என்பதற்காகக் கண்டக்டர் தன் சிங்களத்தைக் கடினமாக்கவில்லை. பஸ் அதே பஸ், வசனமும் அதேதான். கஷ்டம் இப்போது வேறு இடத்தில் இருக்கிறது, சிங்களத்தில் ஃபோன் எடுத்துக் கோபப்படாமல் ஒரு விஷயத்தைச் சாதிப்பது, அரசாங்கக் கடிதம் ஒன்றை வாசித்து அதற்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று பிடிப்பது. அவற்றைத் தேடி நானாகத்தான் போனேன், போக முடிந்ததே பஸ் லேசானதால்தான். பஸ் ஒவ்வொரு வருஷமும் என்னோடு சேர்ந்து கடினமாகிக்கொண்டு வந்திருந்தால், நான் இன்னும் கொள்ளுப்பிட்டித் தரிப்பிடத்திலேயே நின்றிருப்பேன்.

ஐந்தாம் பதிப்பை உருவாக்கியவர்கள் இந்த ஓட்டப்போட்டியை நிறுத்தத்தான் பார்த்தார்கள். பயிற்சி எண் முதல் லெவலில் 2, பதினேழாம் லெவலில் 6, அதற்கு மேல் ஏறாது. சாதாரணமாக உடல், மூளைத் தகுதிகளும் 20ஐத் தாண்டாது, அது தருவது 5. எண்கள் இப்படிக் குறுகிய எல்லைக்குள் நிற்பதால் டிசி 15 என்பது கதை முழுக்க டிசி 15 ஆகவே இருக்கலாம். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் இது நேர்மாறு, இருபதாம் லெவலில் ஒருவர் தன் துறைத் திறமையில் 23 புள்ளிவரை சேர்க்கலாம், சேர்க்காதவரிடம் பூச்சியம். அவர்கள் இருவரும் ஒரே மதிலின் முன்னால் நின்றால் அது ஒருவருக்கு மதிலே இல்லை, மற்றவருக்கு வானம். ஆகவே குறுகிய எல்லை எனக்குப் பிடிக்கும். ஆனால் நான் போய் அட்டவணை இல்லாத இடத்தில் என் தலைக்குள் ஒரு அட்டவணையை வைத்து டிசியை ஏற்றினேன், விதி அப்படிச் சொல்லவே இல்லை.

குறுகிய எல்லைக்கும் ஒரு விலை உண்டு, அதையும் சொல்லவேண்டும். எங்கள் மேசையில் வங்கியில் வேலை செய்யும் ஒருவன் இருக்கிறான், அவனுடைய பாத்திரம் ஒரு பண்டிதர், பழைய எழுத்துகள் எல்லாம் படித்தவர். ஒருநாள் இடிந்த கோயிலில் ஒரு கல்வெட்டு, டிசி 15. ஒன்பதாம் லெவலில் அவருக்கு 9, ஆக 75 சதவீதம். அவர் உருட்டித் தோற்றார். உடனே மற்ற நாலு பேரும் "நாங்களும் பாக்கிறம்" என்று உருட்டினார்கள், ஒருவருக்கும் திறமை எண் இல்லை, ஆளுக்கு 30 சதவீதம்தான், ஆனால் நாலு பேரும் தோற்கும் வாய்ப்பு வெறும் 24 சதவீதம். நாலு எழுத்தறியாதவர்கள் சேர்ந்தால் ஒரு பண்டிதரைவிட ஒரு மயிரிழை கூட. அன்று கல்வெட்டை வாசித்தது கோடரிக்காரன். "மச்சான், நான் இருபது வருஷம் படிச்ச ஆள், அவன் விறகு வெட்டுறவன்" என்றான் வங்கிக்காரன், சிரித்துக்கொண்டு சொன்னாலும் அவனுக்கு நோகாமல் இல்லை. அதற்குப் பிறகு எங்கள் மேசையில் ஒரு வழக்கம் வந்தது. பயிற்சி உள்ளவர் மட்டுமே உருட்டலாம் என்ற காரியங்களை நான் முன்கூட்டியே சொல்லிவிடுவேன், கல்வெட்டு அதில் முதலாவது. திறமை என்பது பகடையோடு கூட்டும் எண் மட்டும் இல்லை, பகடையைத் தொடும் உரிமையும்தான் என்று எனக்கு அன்று பட்டது.

மூன்றாம் பதிப்பில் இன்னொரு நல்ல வழி இருந்தது. அவசரமோ ஆபத்தோ இல்லாதபோது உருட்டாமலே பத்து விழுந்ததாக எடுத்துக்கொள்ளலாம். நேரம் நிறைய இருந்து, தோற்றாலும் கேடு இல்லை என்றால் இருபதாகவே எடுத்துக்கொள்ளலாம். எவ்வளவு நியாயமான விதி! தினமும் அப்பம் சுடுகிறவர் ஒவ்வொரு அப்பத்துக்கும் பகடை உருட்டுவதில்லை.

பகடை என்றதும் நாங்கள் தொடங்கிய காலம் நினைவு வருகிறது. 2022, மின்வெட்டுக் காலம், மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை போனது. ஃபோனிலும் சார்ஜ் இல்லை, ஜெனரேட்டருக்கும் டீசல் இல்லை, வெக்கைக்குக் கதவைத் திறந்துபோட்டு மெழுகுதிரியோடு இருந்து கதைத்துக் கதைத்துத்தான் இது தொடங்கியது. இலவசமாகக் கிடைக்கும் அடிப்படை விதிகளை ஒருவன் முன்னமே ஃபோனில் இறக்கி வைத்திருந்தான். கடதாசித் தட்டுப்பாட்டில் பாடசாலைப் பரீட்சைகளே தள்ளிப்போன நேரம் அது, பாத்திரங்களைப் பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எழுதினோம். இருபது முகப் பகடைக்கு எங்கே போவது? 1 முதல் 20 வரை எழுதிய துண்டுகளை ஒரு மைலோ டின்னுக்குள் போட்டு எடுத்தோம்.

முதல் சில நாள் எடுத்த துண்டைத் திரும்பப் போடாமல், இருபதும் முடிந்த பிறகுதான் மொத்தமாகப் போட்டுக் குலுக்கினோம். அது ஆட்டத்தையே வேறொன்றாக்கியது. சின்ன எண்கள் எல்லாம் போய்விட்டன என்று தெரிந்ததும் எல்லோருக்கும் துணிவு வரும், மதில் பாய்வார்கள், படகு கடத்துவார்கள். 19ம் 20ம் போய்விட்டால் எல்லோரும் வீட்டுக்குள்ளேயே இருந்து கதைத்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு கிழமைக்குள் அந்தத் தங்கச்சி டின்னுக்குள் என்ன மிச்சம் என்று மனக்கணக்கில் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். பாத்திரம் இன்னும் முதல் லெவல், ஆடுகிறவள் எங்கேயோ போய்விட்டாள். பிறகு ரொறன்ரோவில் இருந்து வந்த ஒரு மச்சாள் உண்மையான பகடைகள் கொண்டுவந்து தந்தா, டின்னை வைத்துவிட்டோம், ஆனால் அந்தக் காலத்தை நான் மறக்கவில்லை. லெவல் ஏறுவது தாளில் மட்டும் நடப்பதில்லை. ஆளும் ஏறுகிறார், அந்த ஏற்றத்தைச் சமப்படுத்த எந்த அட்டவணையும் இல்லை, இருக்கவும் கூடாது.

மற்ற ஆட்டங்களையும் தேடி வாசித்தேன், சிலதை ஆடியும் பார்த்தோம். என் மனதுக்கு மிகவும் நெருங்கியது கால் ஆஃப் கதூலு. 1981இல் வந்தது, திறமையை நூற்றுக்கு இத்தனை என்று எழுதும் ஆட்டம். ஒரு திறமையைப் பயன்படுத்தி வென்றால் பக்கத்தில் ஒரு அடையாளம் போடுவோம். கதை முடிந்த பிறகு அந்தத் திறமைக்கு நூறு வரை உருட்டவேண்டும், உங்களிடம் உள்ள எண்ணைவிடக் கூடுதலாக விழுந்தால்தான் வளர்ச்சி. 25 உள்ளவருக்கு 75 சதவீதம் வாய்ப்பு, 80 உள்ளவருக்கு 20தான். கற்றவனுக்கு மேலும் கற்பது கஷ்டம் என்பதை இவ்வளவு சின்ன விதியில் வைத்திருக்கிறார்கள். ஏழாம் பதிப்பில் கடினமான காரியம் என்றால் உங்கள் திறமையின் பாதிக்குள் விழவேண்டும், மிகக் கடினம் என்றால் ஐந்திலொன்றுக்குள். 60 உள்ளவருக்கு அது 30, 12. காரியத்தின் கடினம் காரியத்தோடு நிற்கிறது, நீங்கள் வளர்ந்தால் உங்கள் பாதியும் வளரும்.

அபொகலிப்ஸ் வேர்ல்ட் 2010இல் கொண்டுவந்த வழியில் டிசியே இல்லை. இரண்டு சாதாரணப் பகடை, 10உம் மேலும் என்றால் முழு வெற்றி, 7 முதல் 9 வரை வெற்றிதான் ஆனால் ஏதாவது விலை கொடுக்கவேண்டும், 6உம் கீழும் என்றால் வில்லங்கம். அந்த வழியில் வந்த டன்ஜன் வேர்ல்ட் ஆட்டத்தில் 6உம் கீழும் விழுந்தால் ஒரு அனுபவப் புள்ளி கிடைக்கும், தோல்வியில் இருந்து படிப்பது. எங்கள் மேசைக்கு அது நாலு ஐந்து கிழமைக்கு நன்றாக இருந்தது. ஆனால் ஒரே மதிலுக்கு ஒரு வருஷம் கழித்துத் திரும்பி வருவதில் உள்ள சுகம் அதில் எனக்குக் கிடைக்கவில்லை, மதிலுக்கு எண் இல்லாததால் மதில் நினைவிலும் நிற்கவில்லை. இது என் ரசனை, மற்றவர்களுக்கு வேறாக இருக்கும்.

2019இல் வந்த பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு எண்களை நன்றாகவே ஓடவிடுகிறது, பயிற்சி உள்ளவற்றோடு லெவல் முழுதாகக் கூடும், லெவல் வாரி அட்டவணையில் முதல் லெவலுக்கு டிசி 15, பத்துக்கு 27, இருபதுக்கு 40. இதைப் பார்த்ததும் திரும்பவும் டிரெட்மில் என்று நினைத்தேன். ஆனால் கவனமாக வாசித்தால் அந்த அட்டவணை கேட்பது கதவின் லெவலை, கதவுக்கு முன்னால் நிற்பவரின் லெவலை இல்லை. முதல் லெவல் கதவு யார் வந்தாலும் 15தான். நான் செய்த பிழையை அப்படியே அந்த ஒரு வேறுபாட்டில் கண்டேன்.

இப்போது எப்படி நடத்துகிறேன் என்றால், என்னிடம் தடித்த மட்டை போட்ட ஒரு சிஆர் கொப்பி இருக்கிறது. அந்தத் துறைமுக நகரத்தில் உள்ளவை எல்லாம் அதில் எண்ணோடு எழுதியிருக்கிறது, கிட்டங்கிப் பூட்டு 15, மீன் சந்தைக் கூரை 10, கோட்டை மதில் 20, ஆளுநரின் இரும்புப் பெட்டி 25. பேனையால் எழுதியது, யார் எந்த லெவலில் வந்தாலும் மாறாது. பூட்டை மாற்றியதாகச் சொன்ன 19ஐ அடுத்த ஞாயிறே எல்லோருக்கும் முன்னால் வெட்டி 15 என்று எழுதினேன், அவளிடம் மன்னிப்பும் கேட்டேன். முதல் லெவலிலேயே யாராவது இரும்புப் பெட்டியில் கை வைக்க விரும்பினால் வைக்கலாம், ஆனால் அது 25 மாதிரி இருக்கிறது என்று கதையில் தெரியும்படி சொல்வேன், காவலர் எத்தனை பேர், பெட்டியைச் செய்த கொல்லன் யார் என்று. எவ்வளவு கஷ்டத்துக்குள் போவது என்ற முடிவு ஆடுகிறவர்களுடையது. இது புதிதும் இல்லை, 1974இல் வந்த முதல் பதிப்பிலேயே பாதாளத்தில் கீழ்த்தளங்களுக்குப் போகப் போக ஆபத்துக் கூடும், எந்தப் படியில் இறங்குவது என்று ஆடுகிறவர்கள்தான் தீர்மானிப்பார்கள்.

"அப்ப எல்லாம் லேசாகி அலுப்படிக்காதா?" என்று கேட்பீர்கள். லேசானவற்றை நான் ஒரு வசனத்தில் கடந்துவிடுகிறேன். முதல் மாதம் மூன்று மணித்தியாலம் எடுத்த மதிலுக்கு இப்போது மூன்று செக்கன். மிச்ச நேரம் முழுக்க வேறு கேள்விகளுக்குப் போகிறது, கிட்டங்கிக்குள் நுழைய முடியும், சரி, அதற்குள் இருக்கும் அரிசி யாருடையது, எடுத்தால் யார் பட்டினி கிடப்பார்கள்? அதற்குப் பகடை உதவாது, அங்கேதான் மேசையில் உண்மையான வாதம் நடக்கிறது. ஒருமுறை, முதல் லெவலில் இவர்களைச் சாகடிக்கப் பார்த்த கோப்ளின் என்ற அதே ஐந்து குட்டிப் பூதங்களை ஒன்பதாம் லெவலில் அதே பாலத்தில் திரும்ப நிறுத்தினேன், ஒரு எண்ணும் கூட்டவில்லை. சண்டை ஒரு சுற்றில் முடிந்தது. கடைசிக் கோப்ளின் ஆயுதத்தைப் போட்டுவிட்டுக் கும்பிட்டது. அதை என்ன செய்வது என்று ஐந்து பேரும் ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள், சாப்பிட வைத்த ரோல்ஸ் ஆறிப்போனதையும் யாரும் கவனிக்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து அவளுடைய திருடி பதினோராம் லெவலுக்கு வந்தாள். 2014 விதியில் அந்த லெவலில் திருடர்களுக்கு ஒரு வரம் கிடைக்கும், பயிற்சி உள்ள காரியங்களில் பகடையில் 9உம் கீழும் விழுந்தால் அதைப் பத்தாக எடுத்துக்கொள்ளலாம். அவளிடம் இருப்பது 9, ஆகக் குறைந்தது 19.

அந்தப் பின்னேரம் அவர்கள் மழைக்குள் கிட்டங்கிக் கதவுக்குத் திரும்பி வந்தார்கள், உள்ளே ஒளித்து வைத்த ஒருவரை எடுக்க. அவள் பழக்கத்தில் பகடையைக் கையில் எடுத்தாள். நான் சிஆர் கொப்பியைத் திருப்பி அந்தப் பக்கத்தை அவளுக்குக் காட்டினேன். வெட்டிய 19, பக்கத்தில் 15. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் அண்டைக்கு வச்ச பத்தொன்பதா இருந்தாலும் இப்ப திறக்கும் என்ன?"

"திறக்கும்."

பகடையை மேசையில் வைத்துவிட்டு, "சரி, கதவு திறந்தாச்சு. உள்ளுக்கு ஆர் நிக்கினம்?" என்றாள்.